மூட்டில் குறை என்று நான் எழுதிய அறிக்கை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நம் துறையின் சாதனைகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் பயிற்சிப் பொறுப்பாளர் கேட்டார். சாதனைகளை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். உங்கள் வரவேற்பறைச் சுவரில் ஆணி அடிக்க இடமில்லாத அளவுக்குப் படம் மாட்டியிருக்கிறீர்கள். நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம் எழுதிய ஓர் அறிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டே பக்கம். எண்கள் எல்லாம் சரி, ஆங்கிலம் சுத்தம், தட்டச்சில் ஓர் அடித்தல் கிடையாது. முடிவு மட்டும் தப்பு. அந்தத் தப்பால் ஒருவருடைய வேலை போயிற்று.

எழுபதுகளின் பின்பாதி. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கடலோரச் சவுக்குத் தோப்புக்குள், செயற்கைக்கோளோடு சிக்னல் வாங்கிக் கொடுக்க ஒரு தற்காலிகத் தரை நிலையம் போட்டிருந்தோம். நடுவில் ஒரு டிஷ், பக்கத்தில் தகரக் கூரை போட்ட இரண்டு அறை, ஒரு ஜெனரேட்டர், அவ்வளவுதான். எனக்கு ஜாகை செங்கல்பட்டில். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரத்தில் இறங்கினால், எங்கள் ஜீப் நிற்கும். இன்றைக்குக் கேளம்பாக்கத்திலும் நாவலூரிலும் வீடு பிடித்துக்கொண்டு போக்குவரத்து நெரிசலைத் திட்டுகிற உங்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸை விட்டால், அடுத்தது வரும்வரை வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

டிஷ் பெரிதாக இருப்பதால் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். அது வெறும் கிண்ணம். அது சேர்த்துத் தருவதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் மூளைக்காரன் நடுவில் நிற்கிற ஃபீட். வானத்திலிருந்து ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல்கள் வரும். ஒன்று வலப்பக்கம் சுழன்றுகொண்டு வரும், மற்றது இடப்பக்கம். சைக்கிளில் வலது பெடலுக்கும் இடது பெடலுக்கும் மரை எதிரெதிராக இருக்கும், ஒன்றில் மற்றது ஏறாது அல்லவா, அந்த மாதிரி. வலதை ஒரு வாசலுக்கும் இடதை இன்னொரு வாசலுக்கும் ஃபீட் அனுப்ப வேண்டும். ஒரு வாசலில் வர வேண்டியது மற்ற வாசலில் எட்டிப் பார்த்தால் கசிவு என்போம். இரண்டு வாசல்களுக்கும் நடுவிலுள்ள பிரிவை டெசிபெல்லில் அளப்போம். எண் பெரிதாக இருந்தால் நல்ல ஃபீட். எங்களுடையது முப்பத்தொன்று காட்டியது. அந்தக் காலத்துக்கு அது தலைநிமிர்ந்து நடக்கக்கூடிய எண்.

அந்த ஃபீட்டைக் கையால் உருவாக்கியவர் அருளப்பன். செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம், கிறிஸ்தவர். அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். இவர் ஐ.டி.ஐ. படித்து, ஃபிட்டராகத் தினக்கூலியில் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நிரந்தரமாக்கச் சொல்லி அவருடைய கோப்பு தலைமையகத்தில் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. பித்தளைக் குழாய்களை வெள்ளி வைத்துப் பற்றவைப்பதில் அவருக்கு இணையாக ஒருவரை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. என்னைவிட ஆறு வயது பெரியவர். இருந்தும் அவர் என்னை 'சார்' என்பார், நான் அவரை 'நீ' என்பேன். அப்போது அது எனக்குத் தவறாகவே படவில்லை.

ஃபீட் குழாய்களுக்குள் கடல்காற்று புகாமலிருக்க உலர்ந்த காற்றை நிரப்பி வைத்திருப்போம். ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு ஒரு மூட்டில் அந்தக் காற்று ஒழுகியது. அருளப்பன் சோப்பு நுரை தடவி இடத்தைக் கண்டுபிடித்தார். மூட்டைக் கழற்றிப் புதிதாகப் பற்றவைத்து, பூஜைக்கு முதல் நாள் மாலை திரும்பப் பூட்டினார். மறுபடி அளந்து பார்க்க எங்களுக்குச் செயற்கைக்கோள் நேரம் கிடைக்கவில்லை. அந்தச் செயற்கைக்கோள் வெளிநாட்டவருடையது, நமக்குக் காலையில் ஒரு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள், விடுமுறை நாளில் அதுவும் இல்லை.

பூஜையன்று நிலையத்தைக் கழுவி, மாவிலை கட்டி, ஜெனரேட்டருக்கு மாலை போட்டோம். ஆஸிலாஸ்கோப்புக்குக்கூடக் குங்குமம் வைத்தாகிவிட்டது. ஃபீட்டை விட்டுவைக்கலாமா? நான்தான் இளவட்டம், ஏணியில் ஏறினேன். ஃபீட்டின் வாய் ஒரு பெரிய புனல் மாதிரி விரிந்திருக்கும், அதை ஹார்ன் என்போம். மழையும் பூச்சியும் போகாமலிருக்க அதன் வாயை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடியிருப்போம், அதற்கு ஜன்னல் என்று பெயர். அந்த ஜன்னலில் விபூதிப் பட்டை இட்டேன். வழுவழுப்பான தாள், ஒட்டாமல் உதிர்ந்தது. பொறியாளன் மூளை சும்மா இருக்குமா? சந்தனத்தைக் குழைத்து, பொரிகடலைக்கு வைத்திருந்த வெல்லத்தில் ஒரு துண்டைக் கரைத்து அதில் சேர்த்து, விபூதியோடு பிசைந்தேன். பசை மாதிரி பிடித்துக்கொண்டது. மூன்று விரலால் ஹார்ன் வாயின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை குறுக்கே பட்டையாக இழுத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அருளப்பன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "சார், ஜன்னல் மேலயா பூசுறீங்கோ? ஓரத்து வளையத்துல வச்சா போறாதா?"

"ஏன் அருளப்பா, உங்க சாமிக்கு ஆகாதா?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அருளப்பனும் சிரித்தார். பிறகு நான் இறங்கும்வரை ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து, காலை எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் அளந்தோம். பதினேழு. கருவி கெட்டுவிட்டதோ என்று மாற்றுக் கருவி வைத்தோம். பதினேழு. மறுநாள் காலையும் பதினாறும் பதினேழுமாகவே ஆடியது. இந்தப் பிரிவோடு நாங்கள் சிக்னல் அனுப்பினால் பக்கத்து வாசலில் போகிற அடுத்தவர்களுடைய ஒளிபரப்பு கெடும். தலைமையகம், சரியாகும்வரை அனுப்பக்கூடாது என்று தடை போட்டது. என்ன காரணம் என்று மாலைக்குள் டெலக்ஸில் சொல்லச் சொன்னது.

நான் மறுபடி ஏறி ஃபீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், பட்டையையும் பார்த்தேன். பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அது எங்கள் ஃபீட்டின் பாகம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அது சாமி சமாச்சாரம், மூட்டு வேலை சமாச்சாரம். மனதுக்குள் இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்திருந்தேன்.

இறங்கி வந்து நிலையத் தலைவரிடம் சொன்னேன். முன்பு நன்றாக இருந்தது, நடுவில் மாறியது மூட்டு ஒன்றுதான், ஆகவே மூட்டில்தான் குறை. அவர் அதிகம் பேசாத மனிதர், வயர்லெஸ் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருந்தவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நிச்சயமாத்தானாப்பா?" என்றார்.

"நிச்சயம் சார்" என்றேன். அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்பதை இன்றுவரை மறக்கவில்லை. எனக்குத் தெரிந்தது பாதி, மீதிக்கு டெலக்ஸின் அவசரம் 'நிச்சயம்' என்று பெயர் வைத்துவிட்டது.

அருளப்பனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். "மூட்டு நல்லாத்தான் சார் கீது. ரெண்டு தபா நுரை போட்டுப் பாத்தேன்" என்றார்.

"காத்து ஒழுகாம இருக்கலாம். உள்ள ஒரு சொட்டு வெள்ளி வழிஞ்சு நின்னாலே போதும், சிக்னல் கலங்கிடும்."

"உள்ள வழியல சார். கண்ணாடி வுட்டுப் பாத்துட்டுத்தான் பூட்னேன்."

வேறு என்னவோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் என் அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். 'மூட்டின் வேலைத்தரம் குறைவு. புதிய மூட்டு வெளியிலிருந்து வரவழைக்கப்பட வேண்டும்.' மூன்றாம் நாள் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. மூட்டு வர மூன்று வாரம் ஆகும். தினக்கூலி ஃபிட்டரை நிறுத்திவிடலாம், அவருடைய நிரந்தரக் கோப்பைத் திருப்பி அனுப்புகிறோம். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அருளப்பனிடம் சொன்னதும் நான்தான். "செரி சார்" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் இருந்த தன் சொந்த அரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள், வேறு ஏதோ ஊர் நிலையத்தில் கோளாறு என்று அவர்களுடைய மாலை நேரத்தை எங்களுக்குக் கொடுத்தார்கள். மாலை என்றால் மூன்று மணி, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். அனுப்பத்தான் தடை, வருவதை அளக்கத் தடையில்லையே என்று அளந்தேன். முப்பது.

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நிலையத் தலைவர்கூடச் சிரித்தார். "சரியாயிடுச்சுல்ல, விடு. நல்ல செய்திக்கெல்லாம் காரணம் கேக்காதே" என்றார். எனக்கும் விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் ஒருவரும் கை வைக்காத மூட்டு தானாக எப்படி ஆறும்? அது என்ன அடிபட்ட முழங்காலா? பஸ்ஸில் திரும்பும்போதும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மூட்டு இன்று நன்றாக இருக்கிறதென்றால் அன்றும் நன்றாக இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் நான் எழுதியது என்ன?

மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் அளந்தேன். பதினேழு. இந்த முறை நான் வருத்தப்படவில்லை. காலையில் கெட்டு மதியம் நன்றாகிற ஒன்றைத் தேடிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

ஜன்னலில் என் மூன்று பட்டைகளும் பாகு மாதிரி பளபளவென்று நின்றன. பூஜையன்று காய்ந்திருந்தவை, கடலோரத்துக் காலை ஈரத்தையும் உப்பையும் குடித்துக் குழைந்து கிடந்தன. வெல்லத்துக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டென்று எந்த மளிகைக்கடைக்காரரும் சொல்வார். ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை எறும்புகள் வரிசை போட்டிருந்தன. மதிய வெயிலில் அது காய்ந்துவிடும், சிக்னல் தொந்தரவில்லாமல் உள்ளே போகும். அந்த வருடம் மழை தள்ளிப்போனதால் கழுவிக்கொண்டும் போகவில்லை.

உங்களுக்குப் புரிந்திருக்கும். சுழன்று வருகிற அலை என்பது குறுக்கலையும் நெட்டலையும் சமமாகச் சேர்ந்தது. குறுக்கே ஓடுகிற ஈரப் பட்டைகள் குறுக்கலையை மட்டும் பிடித்து இழுத்தன, நெட்டலையை விட்டுவிட்டன. வட்டம் நசுங்கி முட்டையாயிற்று. முட்டையானால் வலதில் கொஞ்சம் இடது கலந்துவிடும். நடுவில் வட்டமாக ஒரு பொட்டு வைத்திருந்தால் இரண்டு அலைக்கும் ஒரே கதிதான், பிரிவு கெட்டிருக்காது. ஈரத் துணியால் துடைத்தேன். கீழே கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், டிஷ்வரை கம்பி இழுத்து வைத்திருந்த போனில் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். "இருபத்திரண்டு... இருபத்தேழு... சார், முப்பத்தொண்ணு. என்ன சார் பண்ணீங்க?" ஏணியின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றேன். இறங்க வெட்கமாக இருந்தது.

நிலையத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இதை எழுதினா டெல்லிவரைக்கும் சிரிப்பாங்கப்பா. 'ஜன்னலில் ஈரம், துடைக்கப்பட்டது' அவ்வளவு போதும். உன் பயிற்சிக்காலம் இன்னும் முடியல, ஞாபகம் வச்சுக்கோ."

அவர் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். கெட்ட மனிதர் கெட்ட யோசனை சொன்னால் தள்ளிவிடுவது எளிது.

"மூட்டு சரின்னு எழுதணுமே சார்" என்றேன்.

"ஈரம்னு எழுதினா மூட்டு சரின்னு தானா விளங்கிடாதா?"

"கோப்புல எதுவும் தானா விளங்காது சார். மூட்டு குறைன்னு என் கையெழுத்தோட ஒரு தாள் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீயே தட்டச்சு பண்ணு. டைப்பிஸ்ட்கிட்ட கொடுத்தா ஊர் பூரா போயிடும்" என்றார். பிற்பகல் முழுக்க உட்கார்ந்து அடித்தேன். வெல்லம் என்ற சொல் உட்பட எல்லாம் எழுதினேன். முன் அறிக்கை தவறு, மூட்டில் குறை இல்லை, குறை என்னுடையது என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மேலே தன் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: 'புதிய மூட்டு தேவையில்லை, பழையதைச் செய்தவர் தேவை.' பின்னால் என் பயிற்சிக்காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். நியாயமான தண்டனைதான், புகார் இல்லை.

தினக்கூலிக்கு ஆள் வைக்க நிலையத் தலைவருக்கே அதிகாரம் உண்டு, அவர் கூட்டிவரச் சொன்னார். அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு, அதை அடித்த அன்று மாலையே அருளப்பன் வீட்டுக்குப் போனேன். அவர் ஏதோ ஒரு லேத் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், கையில் கிரீஸ். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி ஸ்டெல்லா அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். டீ கொடுக்கவில்லை. கொடுக்காததில் எனக்கு ஒரு நிம்மதி.

நகல் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மூட்டைப் பற்றிய இடம் வந்ததும் அருளப்பன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த எடத்த இன்னொரு தபா படிங்க சார். ஸ்டெல்லா, இங்க வா. வந்து கேளு."

ஸ்டெல்லா வந்து நின்றார். "மூட்டின் வேலையில் எந்தக் குறையும் இல்லை" என்று படித்தேன். அருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் என் பக்கம் இருந்தது.

ஸ்டெல்லா கேட்டார். "பூசுனப்பவே இவுரு கேட்டாராமே, ஜன்னல் மேல இன்னாத்துக்குன்னு. அது அந்தப் பேப்பர்ல கீதா சார்?"

இரண்டு பக்கத்தையும் புரட்டினேன். இல்லை என்று எனக்குத் தெரியும். பிற்பகல் முழுக்க அவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஏணியடிப் பேச்சு எனக்கு ஞாபகமே வரவில்லை.

"வுடு ஸ்டெல்லா" என்றார் அருளப்பன்.

"இல்லம்மா, அது இதுல இல்ல" என்றேன். பிறகு அவரிடம் கேட்டேன். "கசிவுன்னு தெரிஞ்சதும் ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே? உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு சார். சொல்லத்தான் வந்தேன். ஒரு தபா கேட்டதுக்கே சாமிய இழுத்தீங்கோ. ரெண்டாந்தபா கேட்டா, வேதக்காரன் பூசையக் கெடுக்கப் பாக்குறான்னு ஆயிடும். வேல போனா வேற வேல தேடிக்கலாம். அந்தப் பேரு வந்துச்சுன்னா எங்க சார் போறது?"

இதை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உங்கள் கருவிகள் எல்லாம் எங்கள் காலத்தைவிட நூறு மடங்கு துல்லியம், குறையை அவையே காட்டிவிடும். ஆனால் உங்கள் அறையில் காரணம் தெரிந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். அவர் வாயை மூடியது நீங்கள் விளையாட்டாகச் சொன்ன ஏதோ ஒரு வார்த்தையாக இருக்கலாம், நீங்கள் அதை அன்றைக்கே மறந்தும் போயிருப்பீர்கள். எதையும் 'நிச்சயம்' என்று சொல்வதற்கு முன் அவரைப் போய்க் கேளுங்கள், கேட்கிற குரலில் கேளுங்கள்.

பேனாவை எடுத்து, அந்த நகலின் அடியில் அங்கேயே எழுதினேன். 'பூசிய அன்றே அருளப்பன் வேண்டாம் என்ற பொருளில் கேட்டார். நான் அவர் மதத்தைச் சொல்லிப் பரிகாசம் செய்து அவரைப் பேசவிடாமல் செய்தேன். மூலத்திலும் இதைச் சேர்ப்பேன்.' கீழே கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான் எழுதினேன். அருளப்பன் அதை வாங்காமல் மனைவியைப் பார்த்தார்.

ஸ்டெல்லா வாங்கினார். விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். படித்து முடித்ததும் திரும்ப முதலிலிருந்து படித்தார். அவ்வளவு நேரமும் அருளப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப வேலைக்கு அழைக்க வந்தவன் நான் என்றாலும், அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஸ்டெல்லா தாளை மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார். "செரி சார். நாளைக்கு வருவாரு" என்றார்.